வாசலோரச் சாக்கு

இன்று காலையில் கைகால் கழுவிவிட்டு, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உடம்பு மின்சாரம் இறங்க உள்ளங்கையை வைத்து எடுத்து, ரூமுக்குள் போனபோது என் சாக்கு இடம் மாறிக் கிடந்தது.

சாக்கு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய சணல் சாக்கை நாலாக மடித்து ஓரம் தைத்தது. ரப்பர் விரிப்பின் மேல் அதைப் போட்டு உட்கார்ந்துதான் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிறோம். ஒரு ரூமுக்கு நாலு பேர், நாலு சாக்கு. என்னுடையது எப்போதும் உள்சுவரை ஒட்டிக் கிடக்கும். இன்று அது வாசலோரத்தில் கிடந்தது. வாசலோரம் கிடக்கும் செல்வியின் சாக்கு என் இடத்தில் இருந்தது. என் இடத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு கை அகலத்துக்கு ஈரம்.

செல்விக்கு என் மகன் வயசு. வழக்கமாகக் கடைசியாக வருகிறவள் அவள்தான். இன்று முதல் ஆளாக வந்திருந்தாள். நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, தலை நிமிராமலே, "அங்கன காத்து வரும்ணே," என்றாள்.

காற்று எங்கே வந்தது? வெளியே வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. மற்ற இரண்டு பேரும் மருந்துத் தட்டை அவ்வளவு கவனமாக என்றைக்கும் பார்த்ததில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை நான். யாராவது பேர் கேட்டால்கூட ஒரு முறை எச்சில் விழுங்கிவிட்டுத்தான் சொல்வேன். வாசலோரத்தில் உட்கார்ந்தேன்.

ஒரு சாக்கை அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்குப் போட்டதற்கா இவ்வளவு என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வேலையில் யாரும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு, நண்பரே. நாலு பேரில் எழுந்திருக்க அதிக நேரம் எடுக்கிறவர் வாசலோரம் உட்கார வேண்டும். மருந்தில் புஸ் என்று ஒரு சத்தம் வரும். அதற்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில சமயம் ஒரு மூச்சு. சில சமயம் அதுவும் இல்லை. அந்த ஒரு மூச்சுக்குள் வெளியே போய்விட வேண்டும். அதற்காகத்தான் வாசலோரம். கால் சுளுக்கியவர்கள் சுளுக்கு விடும்வரை அங்கே உட்கார்ந்துவிட்டுத் தங்கள் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். வயசானதால் அங்கே உட்கார்ந்தவர்கள் திரும்ப உள்ளே போய் நான் பார்த்ததில்லை.

போன வாரம் சோற்று நேரத்தில் எழுந்தபோது முட்டி பிடித்துக்கொண்டது. சுவரில் கை ஊன்றித்தான் எழுந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். வெளியே பாதையில் டீ கொண்டுவருகிறவருடைய சைக்கிள் போனது. பின்சக்கரம் மட்கார்டில் உரசிக் கிரீச், கிரீச் என்றது. என் இடுப்பு தானாகச் சாக்கிலிருந்து கொஞ்சம் எழும்பிவிட்டது.

"என்னண்ணே?" என்றாள் செல்வி.

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? அந்தச் சத்தத்துக்கு எழுந்து எழுந்து பழகிய உடம்பு இது.

எனக்குக் கல்யாணமான புதிதில் வெம்பக்கோட்டைப் பக்கம் வேறு ஒரு கம்பெனியில் இருந்தேன். கரிசல் காட்டுக்கு நடுவில் தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தள்ளித் தள்ளி ரூம்கள். அங்கேயும் பூச்சட்டிதான். அங்கேயும் நாலு பேர்தான். நான், என் வயசுக்காரன் முருகேசன், சுப்புத்தாயக்கா, மாடசாமி மாமா.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆள் நெட்டை, ஒல்லி. உட்காரும்போது மடக்குக் கட்டில் மாதிரி இடுப்பில் ஒரு மடிப்பு, முட்டியில் ஒரு மடிப்பு என்று மடிவார். மடிவது சுலபமாக நடந்துவிடும். விரிவதில்தான் சிக்கல். இடது கையைச் சுவரில் ஊன்றி, வலது கையைத் தொடையில் வைத்து, "ஏய்ய்" என்று ஒரு முனகல். அந்த முனகல் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் வளைந்தேதான் நிற்பார். அவர் கை ஊன்றிய இடத்தில் சுவரில் அஞ்சு விரலும் வெள்ளியாகப் பதிந்திருக்கும். பூச்சட்டி மருந்தில் கலக்கிற சில்வர் பொடி அப்படி. தொட்டதில் எல்லாம் ஒட்டும். சோறு தின்றால் சோற்றில் மினுங்கும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரி முகத்தில் சில்வரைப் பார்த்துவிட்டு அவள் அம்மா சிரித்ததும் நான் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டதும் தனிக் கதை. அதை எழுத மாட்டேன்.

மாடசாமி மாமாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது. ஒரே மகளைக் காரியாபட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார். வீட்டில் அவரும் அத்தையும் மட்டும். அத்தைக்குப் பார்வை மங்கிவிட்டது. அவர் வேலைக்கு வந்தால்தான் அடுப்பு எரியும். அதுபோக இன்னொன்றும் சொல்வார்: "இங்கன வந்தா ஏச்சோ பேச்சோ நாலு சத்தம் கேக்குது. அங்கன நானும் அவளும் செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். செவுரு என்ன பேசவா போகுது?"

நியாயப்படி வாசலோரம் அவருடைய இடம். பின்பக்கமும் ஒரு வாசல் உண்டு. ஆனால் சீசன் வந்துவிட்டால் அதை ஒட்டி மருந்து அடைக்காத பூச்சட்டிக் கூடுகளை அடுக்கிவிடுவார்கள். ஓடுகிற வாசல் ஒன்றுதான். "மாமா, வாசலுக்கு வந்துருங்க," என்று சுப்புத்தாயக்கா சொல்லிப் பார்த்தார். மாமா அசையவில்லை.

"என்னைய அனுப்பி வைக்கப் பாக்குறியா தாயி?" என்றார்.

அவர் பயந்தது அக்காவுக்கு அல்ல. போர்மேனுக்கு. எந்த ரூமில் யாருக்கு முட்டி போய்விட்டது என்று போர்மேன் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வாசலோரம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு பார்வை போதும். முந்தின வருஷம் பக்கத்து ரூமில் ஓர் அம்மா வாசலுக்கு மாறினார்கள். சீசன் முழுக்க யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. தீபாவளிக்குக் கம்பெனி அடைத்து, பிறகு பூஜை போட்டுத் திறந்த அன்று கம்பெனி வேன் அந்த அம்மாவின் ஊரில் நிற்காமல் போனது. அவ்வளவுதான். உங்களுக்கு இனிமேல் வேலை இல்லை என்று எங்கள் பக்கம் யாரும் வாயால் சொல்வதில்லை. வண்டி நிற்காது. தூக்குவாளியோடு ரோட்டில் நிற்கிற ஆள் தானாகப் புரிந்துகொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

ஆக, உள்ளே உட்கார்ந்தால் உயிருக்குப் பயம். வாசலில் உட்கார்ந்தால் வேலைக்குப் பயம். இதை வைத்துக்கொண்டு மாமா அடைப்பதும் நாங்கள் அவரைப் பார்ப்பதுமாகச் சில நாள் போனது. எனக்கு மருந்து அடைக்கும்போது கை சரியாக வரவில்லை. ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் முதலில் வாசலைப் பார்ப்பேன், அடுத்து மாமா முட்டியைப் பார்ப்பேன்.

யோசனை முருகேசனுடையது. போர்மேனுடைய சைக்கிளில் பின்சக்கரம் மட்கார்டில் உரசும். அவர் மூன்று ரூம் தள்ளி வரும்போதே கிரீச், கிரீச் என்று கேட்கும். "மாமா வாசல்ல இருக்கட்டும். சத்தம் கேட்டதும் உள்ள வந்துரட்டும். இவன் வாசலுக்குப் போயிரட்டும்," என்றான். இவன் என்றது என்னை. என்னைக் கேட்டானா என்றால் கேட்கவில்லை. நான் மாட்டேன் என்று சொல்லமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

சிரிக்காதீர்கள். அந்த சீசன் முழுக்க இதுதான் நடந்தது. சத்தம் கேட்டதும் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மாமா, எந்திரிங்க. மாப்ள வீட்டுக்காரக வாராக," என்பார். மாமா சுவரில் கை ஊன்றுவார். நான் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து வாசலுக்குப் போவேன். போர்மேன் வந்து வாசலில் கால் ஊன்றி எட்டிப் பார்க்கும்போது மாமா உள்சுவரில் சாய்ந்து இருபது வயசுப் பையன் மாதிரி அடைத்துக்கொண்டிருப்பார். மூச்சு மட்டும் வாங்கும். சாயங்காலம் கிளம்புமுன் அக்கா ஈரத்துணியால் சுவரில் இருக்கிற கை அடையாளத்தைத் துடைத்துவிடுவார்.

ஒருநாள் போர்மேன் என்னிடம், "நீ என்னலே எப்பப் பாத்தாலும் வாசல்ல இருக்க? கால்ல என்ன கோளாறு?" என்றார்.

நான் எச்சில் விழுங்கினேன். அதற்குள் அக்கா, "அவனுக்கு உள்ள மூச்சு முட்டுதாம்யா. கலியாணமான புதுசு," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். போர்மேனும் சிரித்தார். ஆனால் போகும்போது என் முட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. ரோட்டில் தூக்குவாளியோடு நானே நிற்கிற மாதிரி நினைப்பு வந்துவிட்டது. அடுத்த நாள் போர்மேன் கண்ணில் படும்படி தண்ணீர்த் தொட்டி வரைக்கும் காரணமில்லாமல் ஓடிப்போய் ஓடிவந்தேன். "இவன் எதுக்குலே ஓடுறான்?" என்று கேட்டதோடு சரி.

இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. மருந்துக்குப் பக்கத்தில் தேவையில்லாமல் நகரக் கூடாது என்பதுதான் நாங்கள் முதலில் கேட்ட சொல். காலைத் தேய்க்காதே, தட்டை இழுக்காதே, வேகமாக எழாதே. ஒரு மனுஷனைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அத்தனையையும் ஒரு நாளைக்குப் பலமுறை செய்தோம். நாலு பேரில் ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

தீபாவளி நெருங்கி ஆர்டர் குவிந்த நேரம். மாமா வாசலோரம், நான் உள்ளே. சத்தமே வரவில்லை. முருகேசன் தற்செயலாகத் தலையைத் தூக்கியவன், "வந்துட்டாரு," என்றான். போர்மேனுடைய மஞ்சள் சட்டை பக்கத்து ரூமைத் தாண்டிவிட்டது. அன்று காலையில் யாரோ அந்த மட்கார்டைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்திருக்கிறார்கள்.

மாமா பதறி எழுந்தார். நான் நகர்ந்தேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே போய், கையைச் சுவரில் வைத்து, மடிந்து உட்காருகிற நேரம். குதிகால் மருந்துத் தட்டில் இடித்துத் தட்டு கவிழ்ந்தது.

ஒரு சத்தம். புஸ் என்ற சத்தமா, தட்டு விழுந்த சத்தமா என்று யார் நின்று பார்ப்பது? நான் வெளியே இருந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. முருகேசன் எனக்கு முன்னால் இருந்தான். அக்கா எனக்குப் பின்னால் வந்து விழுந்து எழுந்தார். கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத்தான் அடுத்த சத்தம் வரவில்லை என்பதே உறைத்தது. திரும்பிப் பார்த்தோம். மாமா உள்ளே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு காலையும் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மருந்து கொட்டிக் கிடந்தது. கால் அசைந்தால் மருந்து உரசும். அசையாமல் எழ அவரால் முடியாது. சுவரில் ஒரு கை வைத்தபடி அப்படியே இருந்தார். அன்று வாசலோரம் அவரை விட்டிருந்தால் அவர்தான் முதலில் வெளியே வந்திருப்பார்.

போர்மேன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றார். "யாரும் உள்ள போகாதீக," என்றார். யாரும் போகிற மாதிரியும் இல்லை.

உள்ளேயிருந்து மாமா குரல் வந்தது. "ஓடுனா ஓடிரணும்லே. கலியாண வீட்டுல எட்டிப் பாக்குற மாதிரி வாசல்ல நின்னு என்னத்தப் பாக்குறீக? ஒரு சாக்க நனைச்சு நீட்டுங்க."

அக்காதான் தொட்டியில் சாக்கை முக்கி, வாசலுக்கு வெளியே முட்டிபோட்டு, முடிந்தவரை கையை எட்டி நீட்டினார். மாமா அதை வாங்கினார். தன் காலைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்தார், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி. மருந்து நனைந்து கறுத்தது. இன்னொரு சாக்கு கேட்டார். அதையும் விரித்தார். பிறகு எழுந்தார். சுவரில் கை, தொடையில் கை, அந்த முனகல், அந்த வளைந்த நிற்பு. ஒரு சீசன் முழுக்க நாங்கள் ஒளித்து வைத்திருந்ததை எல்லாம் போர்மேன் நின்று முழுசாகப் பார்த்தார்.

மாமா வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். அக்கா தண்ணீர் கொடுத்தார். தம்ளர் அவர் பல்லில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"இம்புட்டு நாளா வாசல்ல இருந்தது யாரு?" என்றார் போர்மேன்.

அவர் சுவரில் பளபளத்த அஞ்சு விரலைப் பார்த்தார். பிறகு என் முட்டியைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"ஒரு ஆள ஒளிச்சு வைக்கிறோம்னு நாலு பேரும் போயிருப்பீகளே," என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அக்கா மட்டும் தலைநிமிர்ந்து, "எங்கள ஒளிக்க வச்சது யாருய்யா?" என்றார்.

போர்மேன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் மாமாவை ரூமுக்கு அனுப்பவில்லை. மேகம் பார்க்க அனுப்பினார்.

மேகம் பார்ப்பது என்று ஒரு வேலை அப்போது இருந்தது. மருந்து அடைத்ததை வெளியே சிமெண்டு மேடையில் வெயிலில் காயப்போட்டிருப்பார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டு தள்ளி ஒரு நிழலில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். மேற்கே மலைப்பக்கம் கறுத்தால் குரல் கொடுக்க வேண்டும். ஆட்கள் ஓடிவந்து அள்ளுவார்கள். குனிய வேண்டாம், அடைக்க வேண்டாம், ஓடவும் வேண்டாம். மருந்து ரூமில் எழ முடியாமல் போனவர்களுக்கு இப்படிச் சில வேலைகள் கம்பெனிக்குள் அங்கங்கே இருந்தன. ரூமுக்கு ரூம் தொட்டியில் தண்ணீர் நிறைப்பது, பாதையோரத்துக் காய்ந்த புல்லைப் பிடுங்குவது, கேட்டில் உட்கார்ந்து பீடி, தீப்பெட்டி கொண்டுபோகிறார்களா என்று மடியைத் தடவிப் பார்ப்பது. கூலி குறைவுதான். கௌரவமும் கொஞ்சம் குறைவுதான். மாமாவை முருகேசன், "வானத்துக்கு வாட்ச்மேன்," என்று கேலி செய்தான். "நீ கீழ பாத்து அடைலே, நான் மேல பாத்துக்கிடுறேன்," என்றார் மாமா.

ஆனால் ராத்திரிச் சோற்றுக்கு இருந்த பயம் போகவில்லை. மேகம் பார்ப்பது ஐப்பசி மழை வரைக்கும் ஓடும் வேலை. தீபாவளி முடிந்து திறக்கும்போது என்ன? போர்மேன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் வழக்கமும் இல்லை. மாமா கேட்கவில்லை. கம்பெனி அடைத்த அன்று எங்களுக்குக் கொடுத்த இனிப்புப் பெட்டியை அவர் ஒயர்கூடையில் வைத்து எடுத்துப் போனார். போகும்போது ரூம் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்துக்கொண்டே தீபாவளி கொண்டாடினேன். வீட்டுக்காரி, "என்ன, பேயடிச்ச மாதிரி இருக்கீக?" என்றாள்.

பூஜை போட்டுத் திறந்த அன்று காலை எங்கள் ஊரில் வேன் நின்றது. ஏறினேன். அது பழைய தகர வண்டி. உள்பக்கம் இரண்டு பலகை. பலகைக்குப் பின்னால் வெறும் தகரம். வண்டி குலுங்கினால் தகரம் நம் முதுகோடு சேர்ந்து பேசும். சுப்புத்தாயக்காவும் முருகேசனும் இருந்தார்கள். எல்லாரும் சுத்துப்பட்டு ஊர்க்காரர்கள், ஒருவருக்கொருவர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய் வருகிறவர்கள். வழக்கமாகத் தீபாவளிக் கதை பேசி வண்டியே அதிரும். அன்று தக்காளிச் சோற்று வாசனை மட்டும் அடித்தது.

மாமா ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு தூரத்தில் தெரிந்தது. விலக்கில் ஒரு நெட்டை உருவம், கையில் ஒயர்கூடை. புதுச் சட்டை போட்டிருந்தார். நான் டிரைவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் பிரேக்குக்குப் போகவில்லை. மாமா ஓரடி முன்னால் வந்து கையைக் கொஞ்சம் தூக்கினார். வண்டி அவரைத் தாண்டியது. தூக்கிய கையை அவர் அப்படியே தலையைத் தடவுவதுபோல் மாற்றிக்கொண்டதைப் பார்த்தேன்.

டப் என்று ஒரு சத்தம். சுப்புத்தாயக்கா தகரத்தில் அறைந்திருந்தார். "நிப்பாட்டுங்க," என்றார்.

"எனக்குச் சொன்ன ஆளுகள்ல அவரு இல்லக்கா," என்றார் டிரைவர்.

"ஒனக்கு யாரும் சொல்ல வேண்டாம். நாங்க சொல்றோம். நிப்பாட்டு."

வண்டி போய்க்கொண்டே இருந்தது. முருகேசன் தட்டினான். எதிர்ப்பலகையில் இருந்த பெண்கள் தட்டினார்கள். எனக்கு வாய் வரவில்லை. எச்சில்கூட வரவில்லை. ஆனால் கை தகரத்தில் விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும், நானாகத் தூக்கிய நினைவு இல்லை. ஒரு தடவை விழுந்த பிறகு நிற்கவில்லை. வண்டி முழுக்கச் சரவெடி மாதிரி ஆகிவிட்டது. டிரைவர் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டினார்.

மாமா விலக்கிலிருந்து நடந்து வந்தார். ஓட முடியாது அல்லவா? நேரமாகத்தான் செய்தது. ஒருவரும் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை. ஏறும்போது அக்கா கையைப் பிடித்தார். உட்கார்ந்ததும் மாமா, "எதுக்குத் தாயி இம்புட்டு சத்தம்? வெடி வெடிச்சிட்டுன்னுல்ல நெனச்சேன்," என்றார். கண்ணைத் துடைக்கவில்லை. ஒயர்கூடையின் காதைத் திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிருந்தார்.

கேட்டில் போர்மேன் நின்றார். மாமாவைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்ற எங்களைப் பார்த்தார். கடைசியில் வானத்தைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு மேகம் எப்படி?"

"இப்பத்தான வந்திருக்கேன். இருந்து பாத்துச் சொல்றேன்," என்றார் மாமா.

அதன்பிறகு சில வருஷம் மேகம் பார்த்தார், தண்ணீர் நிறைத்தார், கேட்டில் எங்கள் மடியைத் தடவி, "என்னலே, பொண்டாட்டி பீடிக்குக் காசு தரலையா?" என்று வம்பிழுத்தார். ஒரு சாயங்காலம் இறங்கும்போது டிரைவரிடம், "நாளையிலருந்து நிப்பாட்ட வேண்டாம்ப்பா," என்று அவரே சொன்னார். மறுநாள் காலை பழக்கதோஷத்தில் விலக்குக்கு வந்துவிட்டார், ஒயர்கூடை இல்லாமல். டிரைவரும் பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் வண்டி கிளம்பியது.

நான் இப்போது இருக்கும் கம்பெனியில் மேகம் பார்க்க ஆள் இல்லை. மழை வரும் என்று ஆபிஸ் போனுக்கே வந்துவிடுகிறது. தண்ணீர் குழாயில் வருகிறது. புல்லை மிஷின் வெட்டுகிறது. கேட்டில் யாரும் மடியைத் தடவுவதில்லை. கதவு மாதிரி ஒன்று நிற்கிறது, அதன் வழியாக நடந்தால் அதுவே கத்துகிறது. வசதிதான். குறை சொல்லவில்லை. ஆனால் மருந்து ரூம் வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் உட்கார ஓர் இடம் இல்லாமல் போய்விட்டது. இந்த வாசலில் இருந்து எழுந்தால் நேராக அந்த வாசல்தான். அங்கே போய் நான் என்ன செய்ய? மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் அவன் பாட்டைப் பார்க்கிறான். எனக்குத் தெரிந்தது அஞ்சாம் வகுப்புப் படிப்பும் பூச்சட்டியும்தான்.

இந்த ஒரு வாரமாக வீட்டில் யாரும் இல்லாத நேரம் தரையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து பழகுகிறேன். நேற்று வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். "தரையில என்ன தேடுறீக?" என்றாள். "பட்டன்," என்றேன். அவளும் சேர்ந்து கொஞ்ச நேரம் தேடினாள்.

இன்று சோற்று நேரத்தில் செல்வி தூக்குவாளியைத் திறந்தபடி மெதுவாகச் சொன்னாள். "செவுத்துல கை அடையாளம் இருந்துச்சுண்ணே. தொடச்சிட்டேன்."

நான் எச்சில் விழுங்கினேன். "சரி தாயி," என்றேன். இவளுக்கு மாடசாமி மாமாவையும் தெரியாது, சுப்புத்தாயக்காவையும் தெரியாது. ஈரத்துணியை எடுக்க இவளுக்கு யார் சொன்னார்கள்?

சாயங்காலம் வேனில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இப்போது வண்டி கான்ட்ராக்டருடையது. நல்ல வண்டி. தினம் வேறு வேறு ஊர்க்காரர்கள் ஏறுகிறார்கள். பாதிப் பேருக்குப் பேர் தெரியாது. காதில் ஒன்றைச் செருகிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார்கள். டிரைவர் காதிலும் ஒன்று இருக்கிறது. நாளைக்கு யாரை ஏற்ற வேண்டும் என்பது அவர் போனுக்கு வந்துவிடும்.

என் பக்கத்து வண்டிச் சுவரை விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். உள்ளே பஞ்சு வைத்து மேலே ரெக்சின் தைத்திருக்கிறார்கள். தலையணையில் குத்தின மாதிரி இருந்தது. இன்னொரு தடவை கொஞ்சம் பலமாகத் தட்டினேன்.

முன்சீட்டில் இருந்த செல்வி திரும்பினாள். "என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல தாயி."

தீபாவளி கிட்டத்தில் வந்துவிட்டது. அது முடிந்து, பூஜை போட்டுத் திறக்கும் நாளில் நான் தூக்குவாளியோடு எங்கள் ஊர் விலக்கில் போய் நிற்பேன். வண்டிக்குள் செல்வி இருப்பாள். நிற்காமல் போனால் அவள் தட்டத்தான் தட்டுவாள், எனக்குத் தெரியும். தகரம்தான் இல்லை.